கண் தெளியாத படம்

சியூ லான் அக்காவைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். குளத்தங்கரையில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பாதிக் கதையைத்தான் பேசுகிறார்கள். மீதி என்னிடம் இருக்கிறது.

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய கல்குவாரிக் குளம். விடிந்ததும் பத்துப் பேர் மடக்கு நாற்காலிகளோடு அங்கே வந்துவிடுவோம். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உருப்படிகள். கேமராக் கால்களின் திருகில் பால் விடாத கோப்பி ஓ, பையில் தொங்கும். எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற அல்பீசியா மரத்தின் உச்சியில் ஒரு ஜோடி மீன் கழுகு கூடு கட்டியிருந்தது. மூன்று வருடம் முட்டை பொரியாமலே போய், போன வருடம்தான் ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது. அது தலையை நீட்டிக் கத்தினால் பத்துக் கிழங்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்போம். பேரப் பிள்ளைக்குக்கூட அப்படித் திரும்பியிருக்க மாட்டோம்.

லான் அக்கா இருபத்தெட்டு வருடம் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் யோங் தாவ் ஃபூ கடை வைத்திருந்தவர். அரைத்த மீன் விழுதைத் தவ்ஹூ என்கிற சோயாக் கட்டியிலும் பாகற்காயிலும் மிளகாயிலும் திணிப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். அவர் விரல் பட்டால் மிளகாய் கிழியாது, விழுது வெளியே பிதுங்காது. கணவர் லாரி ஓட்டியவர். ஒருநாள் மதியம் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேலேயே தலை சாய்த்துப் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. கடையை விட்ட பிறகு முட்டி வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று குளத்துப் பக்கம் நடக்க வந்தவர், பெங் கியாட்டின் லென்ஸ் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அதோடு மாட்டிக்கொண்டார்.

பெங் கியாட் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், யாரும் தேர்ந்தெடுக்காத தலைவர். எழுபது வயது. வருடத்துக்கு ஒரு கேமரா மாற்றுவார். அவர் கழித்துப் போட்ட பழைய கேமராவைத்தான் லான் அக்கா வாங்கிக்கொண்டார்.

"இருவத்தெட்டு வருஷம் குனிஞ்சே இருந்துட்டேன் தம்பி," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். என்னைத் தம்பி என்று கூப்பிடக் கடைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டாராம். "சட்டி, தட்டு, சிங்க். இப்பத்தான் நிமிந்து பாக்குறேன். மேல இவ்வளவு இருக்குன்னு யாரு சொன்னா எனக்கு?"

ஆனால் நிமிர்ந்து பார்த்தது கேமராவில் விழவில்லை. பறக்கிற பறவையை எடுப்பவர்களுக்கு ஒரே எதிரி ஃபோகஸ்தான். எங்கள் புதுக் கேமராக்களில் பறவை எங்கே போனாலும் ஒரு சின்னக் கட்டம் தானாகப் போய் அதன் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். விரலை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், எந்த மடையனும் எடுக்கலாம். லான் அக்காவின் கேமராவுக்கு அந்த அறிவு கிடையாது. கழுகு பாயும்போது அதன் கட்டம் தண்ணீரைப் பிடிக்கும், பின்னால் இருக்கிற புதரைப் பிடிக்கும், லென்ஸ் முன்னும் பின்னும் குர்ரென்று அலைந்து தேடும். தேடி முடிக்கும்போது கழுகு மரத்தில் உட்கார்ந்து மீனைத் தின்றுகொண்டிருக்கும். ஆறு வருடத்தில் அவர் எடுத்த பறக்கும் கழுகு ஒன்றுக்குக்கூடக் கண் தெளிவாக இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கண் ஷார்ப்பாக இல்லாத படம் படமே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகக்கூட அதற்கு மரியாதை கிடையாது. எடுத்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு பாய்ச்சல் முடிந்ததும் பத்துப் பேரும் குனிந்து டிக் டிக்கென்று அழித்துக்கொண்டிருப்போம்.

"லான், ஒன் கேமரா பறவைய விட்டுட்டு மத்ததெல்லாம் நல்லா எடுக்குது," என்பார் பெங் கியாட். "இந்தப் புதர் படத்த எல்லாம் சேத்து வை. தோட்டக்காரனுக்கு விக்கலாம்."

"நீ வித்த கேமராதானே. அதுக்கும் ஒன் மாதிரியே கண்ணு தெரியல," என்பார் லான் அக்கா. எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் கோப்பியை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்கிறேன். அதனால்தான் அந்த யோசனையைச் சொன்னேன். ஆமாம், யோசனை என்னுடையது.

செத்த மீனின் வயிற்றுக்குள் கொஞ்சம் ஸ்டைரோஃபோம் வைத்தால் மீன் மிதக்கும். கழுகு அதைத்தான் எடுக்க வரும். எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கேமரா தேடி அலைய வேண்டாம். மிதக்கிற மீனின் மேல் கட்டத்தை வைத்துக் காத்திருந்தால் போதும். வேறு குளங்களில் சிலர் செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சட்டப்படி குற்றம் என்றும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பூங்காவின் தொண்டூழியர். ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, குடும்பம் குடும்பமாக வருகிறவர்களிடம் "பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள்" என்று சொல்கிற ஆள் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை லான் அக்கா சந்தையிலிருந்து உள்ளங்கை நீளத்தில் இரண்டு திலாப்பியா வாங்கி வந்தார். முந்தின நாள் நான் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிய வெள்ளை ஸ்டைரோஃபோம் டப்பாவின் மூடியைக் கிழித்துக் கொடுத்தேன். கழிப்பறைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, மீனின் வாய் வழியாக விரலால் மெல்ல மெல்லத் திணித்தார். அந்த விரல்களுக்கு அது பழகின வேலை. ஒரு செதில்கூட உதிரவில்லை.

அவர் எறிந்த முதல் மீனைக் கழுகு பிடித்துப் பாதி உயரத்தில் நழுவவிட்டது. அது தண்ணீரில் விழுந்து உடைந்து, வெள்ளைத் துண்டுகள் மிதந்தன. பத்துப் பேரும் பார்த்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் படம் வேண்டியிருந்தது. இரண்டாவது மீன் இருபது மீட்டருக்குள் விழுந்தது. கழுகு இறங்கி, தூக்கி, நேராக எங்கள் தலைக்கு மேலே கூட்டை நோக்கி வந்தது. பத்துக் கேமராக்களும் பொரிந்து தள்ளின.

லான் அக்கா கேமராவை என்னிடம் நீட்டினார். வாசிக்கிற கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அது இல்லாமல் அந்தச் சின்னத் திரை அவருக்குத் தெரியாது.

"பாரு தம்பி. கண்ணு விழுந்திருக்கா?"

பார்த்தேன். பதினோரு படம். எதிலும் கண் இல்லை. மீனின் மேலே வைத்த கட்டம் மீனிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கழுகின் முகம் புகையாக இருந்தது, பின்னால் தொங்கிய நகமும் மீனும் மட்டும் கண்ணாடி போலத் தெளிவு. ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். மீனின் வாயோரத்தில் ஒரு வெள்ளை முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னமோ வெள்ளையா தெரியுதே?" என்றார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"மீன் வயிறுதான்க்கா. கண்ணு ஷார்ப்பா இல்ல. தூக்கிப் போடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். பதினொன்றையும் அழித்தார். அது மீன் வயிறு இல்லை, ஸ்டைரோஃபோம் என்பது எனக்குத் தெரிந்ததா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரிந்தது. பார்த்த நொடியிலேயே தெரிந்தது.

ஞாயிறன்று குஞ்சு கத்தியது, ஆனால் எப்போதும்போல இல்லை. லான் அக்கா அன்று அதே மெமரி கார்டில் மீன்கொத்தியை நானூறு படம் எடுத்தார். திங்கட்கிழமை கத்தவில்லை. தாய் மீன் கொண்டுவந்து வைத்தது, குஞ்சு வாங்கவில்லை. கூட்டின் விளிம்பில் அதன் தலை மட்டும் சரிந்து தெரிந்தது. லான் அக்கா முதுகைத் தண்ணீருக்குக் காட்டி உட்கார்ந்து நாள் முழுக்க மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பியைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவரே பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் பறவை மருத்துவர் வந்தார். ஸுரைடா என்று பெயர், நாற்பது வயதிருக்கும், வெயிலில் வியர்த்து முக்காடு நனைந்திருந்தது. நான் மஞ்சள் சட்டையில் பக்கத்தில் நின்றேன். தொண்டூழியர் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"நான்தான் போட்டேன்," என்றார் லான் அக்கா. "தனியாத்தான் போட்டேன். யாரும் கூட இல்ல. என்ன வேணா பண்ணுங்க. அந்தக் குஞ்ச மட்டும் எறக்கிடுங்க."

மருத்துவர் அவரைத் திட்டவில்லை. தொலைநோக்கியில் கூட்டை நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஆன்ட்டி, கேளுங்க. மரத்துல ஆள் ஏறினா தாய் கூட்ட விட்டுட்டுப் போயிடலாம். பயந்துபோய் குஞ்சு குதிச்சிடலாம். ஒரு மீன்ல இருந்த ஃபோம் தண்ணியிலயே விழுந்துடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. ரெண்டாவது மீன்லயும் விழுந்திருந்தா? இது வேற சீக்கா இருந்தா? சும்மா ஏறி நானே அத கொன்ன மாதிரி ஆயிடும். ஃபோம் கூட்டுக்குப் போச்சுன்னு உறுதியாத் தெரிஞ்சா போதும். நாளைக்குக் காலைல மரம் ஏறுற ஆளு இருக்காரு. யாராச்சும் பாத்தீங்களா?"

லான் அக்கா பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் புகை மாதிரி ஒரு வெள்ளை. பார்த்தவன் நான். மருத்துவர் என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். நான் பார்த்தேன் என்றால், எப்போது பார்த்தாய், பார்த்தும் ஏன் மூன்று நாள் சும்மா இருந்தாய், அந்த ஃபோம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக வரும். நான் மரத்தைப் பார்த்தேன்.

"படம் ஏதாவது இருந்தா அனுப்புங்க. எந்நேரமா இருந்தாலும் சரி," என்று மருத்துவர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பியதும் லான் அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அது மீன் வயிறுதானே? நீ பெருசாக்கிப் பாத்தியே."

"சரியா பாக்கலக்கா," என்றேன். "வெயிலு, திரை தெரியல."

"சரி. மத்தவங்க எடுத்திருப்பாங்க. வா."

நான் கூடவே போனேன். இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பதில் என் வாயில் இருக்கும்போது, அதைத் தேடி வீடு வீடாக அவரோடு அலைந்தேன். எங்கேயாவது ஒரு படம் கிடைத்துவிட்டால் நான் பேச வேண்டியதில்லை. அதுதான் என் கணக்கு. புதன்கிழமை முழுவதும், முட்டி வலியோடு, பஸ் மாறி பஸ் மாறி, எட்டுப் பேர் வீட்டுக்கும் ஏறி இறங்கினார். இருவர் கதவையே திறக்கவில்லை. இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஒருவர், "ஆன்ட்டி, என்னைய இதுல இழுக்காதீங்க," என்றார்.

காட்டியவர்களின் படங்களிலும், என் படங்களிலும் கழுகின் கண் அற்புதமாக இருந்தது. கண்ணுக்குள் எங்கள் நிழல்கூடத் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் தொங்கிய மீன் மட்டும் வெறும் சாம்பல் வழிசல். லட்சணமான கேமராக்கள். கண்ணை விட்டு அவை இம்மிகூட நகரவில்லை.

பெங் கியாட் மட்டும் தன் கணினியில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். அவர் குரலில் வழக்கமான நக்கல் இல்லை.

"என்னுதுல ஒண்ணுலயும் இல்ல லான். மீன் தெளிவா விழுந்தது ரெண்டு மூணு இருந்துச்சு. கண்ணு இல்லன்னு அழிச்சுட்டேன்."

"நானுந்தான்," என்றார் லான் அக்கா.

"கார்டு? அதே கார்டுதானே இப்பவும் உள்ள இருக்கு?" என்றார் பெங் கியாட், திடீரென்று நிமிர்ந்து. "அழிச்சது உள்ளயே கெடக்கும் லா. மேல புதுசு விழாத வரைக்கும் எடுக்கலாம்."

லான் அக்காவின் முகம் மலர்ந்து, உடனே சுண்டியது. "ஞாயித்துக்கெழம நானூறு எடுத்தேன்," என்றார்.

ரோச்சோர் பக்கம் அழித்ததை மீட்டுத் தரும் ஒரு கடை. புதன் சாயங்காலம் கொடுத்தோம். வியாழன் மத்தியானம் வரச் சொன்னார்கள். கடைக்காரர் தலை நரைத்த மனிதர். ஒவ்வொரு படமாகத் திறந்தார். முதல் ஒன்பதில் கழுகே இல்லை, மீன்கொத்தியின் துண்டுகளும் நிறக் கோடுகளும்தான். பத்தாவதில் புகை முகம் வந்தது, இறக்கை வந்தது, அதற்குக் கீழே மீன் இருக்க வேண்டிய பாதி முழுக்கச் சாம்பல் பட்டை.

பதினொன்றாவது முழுசாகத் திறந்தது.

கடைக்காரர் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். செதிலை எண்ணலாம். நகம் தோலுக்குள் இறங்கிய இடம் தெரிந்தது. வாயோரத்தில் வெள்ளை முனை, அதில் மீ கோரெங் எண்ணெயின் சிவப்புக் கறைகூட இருந்தது. ஆறு வருடத்தில் அவர் எடுத்த ஒரே தெளிவான படம் அதுதான். இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தார்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து மருத்துவருக்கு அனுப்பச் சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஆள் ஏறினார். தாய்க் கழுகு கத்திக்கொண்டே சுற்றியது. குஞ்சு குதிக்கவில்லை. குதிக்க அதற்குத் தெம்பில்லை. துணிப்பையில் இறக்கினார்கள். பை அசைந்தது. லான் அக்கா பக்கத்தில் போகவில்லை. தூரத்தில் நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மருத்துவர் போன் செய்தார். பெங் கியாட் ஸ்பீக்கரில் போட்டார். எல்லாரும் நின்றிருந்தோம்.

"எடுத்துட்டோம். ஃபோம் குடல அடைச்சிருந்துச்சு. ஆனா முழிக்கல ஆன்ட்டி. ஒடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல." என்றவர் மேலும் சொன்னார்: "புதன்கிழம எறக்கிருந்தா தாங்கியிருக்கும்னு தோணுது. ஆனா நீங்க போன் பண்ணலன்னா இதுவும் தெரிஞ்சிருக்காது."

லான் அக்கா "தேங்க் யூ டாக்டர்" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருடம் கடையில் கொதிக்கிற சட்டியின் முன்னால் நின்றவர், புல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ஒருவரும் அவர் தோளைத் தொடவில்லை. நான் ஓரடி எடுத்து வைத்தேன், அதற்கு மேல் வைக்க எனக்கு முகமில்லை.

வழக்கு நடந்தது. தனியாகத்தான் செய்தேன் என்று நீதிமன்றத்திலும் சொன்னார். அபராதம் கட்டினார். பெயர் செய்தித்தாளில் வந்தது, அவர் கடையில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இணையத்தில் அந்தச் செய்தியின் கீழே எழுதியதையெல்லாம் நான் படித்தேன். அவர் படித்தாரா என்று தெரியாது. என் மஞ்சள் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு ஞாயிறுகூட அதைப் போட முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் துணிவில்லை.

வழக்கு முடிந்த மறுநாள் அவர் குளத்துக்கு வந்தார், கேமரா இல்லாமல். கழுகு ஜோடி பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தது. கூடு காலி. என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்த மெமரி கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். மிளகாய்க்குள் விழுதை வைத்து மூடுகிற மாதிரி, அத்தனை மெதுவாக.

"நீயே வெச்சுக்க தம்பி," என்றார். "அந்தப் படம் இதுலதான் இருக்கு. எனக்கு வேணாம். ஒனக்குத்தான் அழிக்கத் தெரியுமே."

திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். தலை குனிந்தே இருந்தது.